‘உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா?’ என்று இயேசு யாரைக் கேட்டார்?

உங்கள் கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நவநாள், ஜெபமாலை, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் எல்லாம் ஆயிற்று. அவருக்குச் சிறுநீரகம் தருவதற்காக நீங்கள் பொருத்தப் பரிசோதனைக்கும் போயிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் செபக்கூட்டத்தில் ஒருவர், "உங்க வீட்ல யாருக்கோ விசுவாசம் குறையுது, அதான் தடை. ஒரு மாசம் ஆஸ்பத்திரியை விட்டுட்டு ஆண்டவரை மட்டும் நம்பிப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்து வந்த ஞாயிறு, அதாவது 2024 ஜூன் 23, பூசையில், படகில் போன இயேசு புயலை அடக்கிய நற்செய்தி. "உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா?" என்ற வரி காதில் விழுந்ததும் எழுந்து வெளியே போய், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள். செபக்கூட்டத்தில் அவர் சொன்னது உண்மையா, கடவுளை நம்புவது என்றால் என்ன என்று கேட்கிறீர்கள்.

நான் குருவானவர் இல்லை. முப்பது வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன், அன்பியக் கூட்டங்களில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற சிறு கூட்டங்களில், வாசகத்தை வைத்துப் பேசுகிறவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமானதை முதலில் முடித்துவிடுவோம். டயாலிசிஸை ஒரு தடவைகூட விடாதீர்கள். சிறுநீரகம் முழுவதும் நின்றுபோன ஒருவருக்கு டயாலிசிஸையும் நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ உயிர் போய்விடும். இதில் ‘நம்பிப் பார்ப்பதற்கு’ ஒன்றும் இல்லை. திருச்சபையும் அப்படிக் கேட்பதில்லை. வீட்டில் திருவிவிலியம் இருந்தால் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை எடுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்லி ஆரம்பிக்கிறது. மருந்துகளை மண்ணிலிருந்து ஆண்டவரே உண்டாக்கினார், அறிவுள்ளவர்கள் அவற்றைத் தள்ளமாட்டார்கள் என்கிறது. நோய் வந்தால் மன்றாடு என்றும் சொல்கிறது, மன்றாடிவிட்டு மருத்துவருக்கு இடம் கொடு என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே பத்தியில். நீங்கள் சிறுநீரகம் கொடுக்க முன்வந்ததும் நம்பிக்கைக் குறைவு இல்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் மனித உயிரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நோயாளிகளுக்காக உறுப்புகளைத் தானம் செய்வதை அன்றாட வாழ்வின் வீரச் செயல்களில் ஒன்றாகப் பாராட்டியிருக்கிறார்.

சரி, இப்போது அந்தப் படகுக்கு வருவோம்.

மாற்கு 4:35 முதல் 41 வரை. இந்த 2024 நமக்கு ஞாயிறு வாசகங்களின் இரண்டாம் ஆண்டு, மாற்குவின் ஆண்டு. 1969 திருவருகைக்காலத்திலிருந்து, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலிருந்து, இந்த மூன்றாண்டுச் சுற்று நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. ஆக, வேறு பெருவிழா குறுக்கே வராவிட்டால் இந்தப் படகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஞாயிறன்று வரும். ஒவ்வொரு முறையும் கோவிலில் யாரோ ஒருவருக்கு அது குத்தும். இந்தத் தடவை நீங்கள்.

நடந்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கலிலேயக் கடல் என்கிறோமே, அது ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் மேல் தாழ்வான பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றி மலை. மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கினால் தண்ணீர் திடீரென்று கொந்தளித்துவிடும். 1986இல் வறட்சியால் ஏரி வற்றியபோது கினோசார் பக்கம் சேற்றிலிருந்து முதலாம் நூற்றாண்டுப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 2.3 மீட்டர். ஏறக்குறைய நம் கடற்கரை ஃபைபர் படகு அளவுதான். அப்படி ஒரு படகின் பின்பக்கம் தலையணை வைத்து இயேசு தூங்குகிறார். உள்ளே இருக்கிறவர்களில் நான்கு பேராவது அந்த ஏரியிலேயே மீன் பிடித்து வளர்ந்தவர்கள். அவர்களே செத்தோம் என்று நினைத்தார்கள் என்றால் நிலைமை மோசம்தான், சும்மா பயந்தவர்கள் இல்லை.

அவர்கள் என்ன செபம் செய்தார்கள்? "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" இது செபமே இல்லை, சண்டை. மத்தேயு இதே நிகழ்ச்சியை எழுதும்போது "ஆண்டவரே, காப்பாற்றும்" என்று மரியாதையாக மாற்றிவிட்டார். மாற்கு மாற்றவில்லை, எரிச்சலோடு கேட்டதை எரிச்சலோடே விட்டுவிட்டார். மாற்குவை எனக்குப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம். மத்தேயுவில் இயேசு முதலில் சீடர்களைக் கடிந்துகொள்கிறார், பிறகு எழுந்து காற்றை அடக்குகிறார். மாற்குவில் வரிசை தலைகீழ். எழுந்ததும் காற்றைத்தான் கடிந்துகொள்கிறார், கடலைப் பார்த்து "இரையாதே, அமைதியாயிரு" என்கிறார், பேரமைதி உண்டாகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான், தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து, "ஏன் அஞ்சுகிறீர்கள்? உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறார். அதாவது நம்பிக்கையே இல்லாதவர்கள் காப்பாற்றப்பட்டுவிட்டார்கள். அவர்களிடம் இல்லை என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுந்தார். நுழைவுச்சீட்டு மாதிரி நம்பிக்கையைக் காட்டினால்தான் உதவி கிடைக்கும் என்பது இந்த வாசகத்தில் இல்லை. உங்களிடம் அதைச் சொன்னவர், வாசகத்தைப் பின்பக்கமிருந்து படித்திருக்கிறார்.

கிரேக்க மூலத்தில் மாற்கு ‘பெரிய’ என்ற சொல்லை இங்கே மூன்று தடவை வைக்கிறார்: பெரிய புயல், பெரிய அமைதி, கடைசியில் பெரிய அச்சம். கவனியுங்கள், அச்சம் ‘பெரிது’ ஆனது புயலில் இல்லை, புயல் அடங்கின பிறகு. "இவர் யாரோ?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவு நாள் கூடவே சாப்பிட்டு நடந்தவரை யார் என்று தெரியாமல் முழிக்கிறார்கள். நம்பிக்கை அங்கே தொடங்குகிறது, முழித்துக்கொண்டு.

நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் இந்த வாசகத்தைக் கேட்ட நாளைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஞாயிற்றுக்கிழமை; திருக்குடும்பத் திருவிழா. தமிழ்நாட்டிலேயே அதிக உயிர் போனது அந்த மாவட்டத்தில்தான், 6,000க்கும் மேல். அதற்குப் பிறகு மாற்குவின் படகு ஞாயிறு வாசகமாக முதல் தடவை வந்தது 2006 ஜூன் 25. அந்த வாரம் அங்கே ஓர் அன்பியக் கூட்டத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். புதுக் குடியிருப்பு, சிமெண்ட் வாசனை போகாத திண்ணை. கடல் கொண்டுபோன வீடுகளிலிருந்து வந்த இருபது பேர் முன்னால் ‘காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகின்றனவே’ என்று எப்படி வாசிப்பது? எனக்குத் தொண்டை அடைத்தது. வாசித்தேன். யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர், பேரப்பிள்ளைகள் இருவரைக் கொடுத்தவர், வலைக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "வாத்தியாரே, கூட வேற படகும் போச்சுன்னு படிச்சீங்களே. அதெல்லாம் என்னாச்சு?"

நான் அதுவரை அந்த வரியைக் கவனித்ததே இல்லை. 36ஆம் வசனம்: "வேறு படகுகளும் அவருடன் சென்றன." அவ்வளவுதான். அப்புறம் மாற்கு அந்தப் படகுகளைப் பற்றி மூச்சு விடுவதில்லை. மறையுரைகளிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடலுக்குப் போகிறவருக்குத்தான் அது கண்ணில் படும். தனக்கு மட்டும் படகு திரும்பிவந்தால் போதும் என்று அவரால் இருக்க முடியாது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார்: "கடல் அடங்குச்சுன்னா எல்லாருக்கும்தானே அடங்கியிருக்கும். அந்தப் படகைச் சுத்தி மட்டும் அடங்காதே."

கிராமத்தில் அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு போகவில்லை, டீ வந்துவிட்டது. எனக்கு அது இன்னும் தீரவில்லை. மற்ற படகுகளில் இருந்தவர்கள் அவரை எழுப்பவில்லை. அவர் எங்கே படுத்திருக்கிறார் என்றுகூடத் தெரிந்திருக்காது. செபம் செய்தார்களா, சாபம் விட்டார்களா, யாருக்குத் தெரியும். அவர்களுக்கும் அதே அமைதி. பெரியவர் தன் பேரப்பிள்ளைகளுக்கு ஏன் அந்த அமைதி கிடைக்கவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் போனது வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைந்ததால் என்று அந்தத் திண்ணையில் ஒருவர் சொல்லியிருந்தால், கையிலிருந்த கயிற்றாலேயே அடித்திருப்பார். நானும் தடுத்திருக்க மாட்டேன்.

அந்தப் படகு ஞாயிறின் முதல் வாசகமும் இதே திசையில்தான் போகிறது. யோபு 38, பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபின் கதை. ஆண்டவர் சூறாவளியிலிருந்து பேசுகிறார். கடலுக்குக் கதவு போட்டது யார் என்று கேட்கிறார். முப்பது அதிகாரத்துக்கு மேல் ‘ஏன்’ என்று கேட்டவனுக்கு ‘ஏன்’ என்பதற்கு விடை வரவே இல்லை. நூலின் கடைசியில் ஆண்டவர் கோபப்படுவது யோபு மேல் இல்லை, அவன் நண்பர்கள் மேல். நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் இது என்று கடவுளுக்காக வாதாடியவர்கள் அவர்கள். யோபைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று 42ஆம் அதிகாரத்தில் அவர்களுக்கு விழுகிறது. ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இனி ‘நம்பிக்கை’ என்ற சொல். உங்கள் செபக்கூட்டத்தில் ‘விசுவாசம்’ என்றார்கள், கோவிலில் ‘நம்பிக்கை’ என்று வாசித்தார்கள். இரண்டும் மூலத்தில் ஒரே சொல்தான், பிஸ்திஸ். பழைய மொழிபெயர்ப்புகளில் விசுவாசம். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த 1995 திருவிவிலியத்தில் நம்பிக்கை. சிலர் இதில் குறைப்படுவார்கள், விசுவாசத்தில் இருக்கிற கனம் நம்பிக்கையில் இல்லை என்று. எனக்கு நம்பிக்கைதான் பிடிக்கிறது, ஏனென்றால் அதை வீட்டில் தினமும் புழங்குகிறோம்.

எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள். ‘மழை வரும் என்று நம்புகிறேன்’ என்றும் சொல்கிறோம், ‘உன்னை நம்பித்தான் பிள்ளையை விட்டுட்டுப் போறேன்’ என்றும் சொல்கிறோம். முன்னதில் ‘என்று’ இருக்கிறது. நடக்கப்போவதைப் பற்றிய கணிப்பு அது. மழை வராவிட்டால் கணிப்பு தோற்றது. பின்னதில் ஆள் இருக்கிறார். அவர் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நகர்கிறோம். உங்களிடம் கேட்டது முதல் வகை: தம்பி குணமாவான் என்று நூறு சதவீதம் நம்பு, ஒரு சதவீதம் குறைந்தாலும் நடக்காது. இது மனதைப் பிழியும் வேலை. இரவு மூன்று மணிக்கு, நம்புகிறேனா நம்பவில்லையா என்று தன்னையே சோதித்துக்கொண்டு கிடப்பதில் போய் முடியும். நற்செய்தியில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. படகில் சீடர்களிடம் இல்லாமல் போனதும் அதுதான். ‘உம்மால் முடியாது’ என்று அவர்கள் சொல்லவில்லை, ‘உமக்குக் கவலையில்லையா’ என்றார்கள். அவர் தூங்குவதைப் பார்த்து, நம்மைப் பற்றி அக்கறையில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். உங்களுக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்தச் சந்தேகம் வந்திருக்கும், வராமல் இருக்காது. அதைச் சொல்லி அவரை உலுக்கி எழுப்பலாம் என்பதற்கு இந்த வாசகமே அத்தாட்சி.

‘விசுவாசம் குறைவு’ என்ற பட்டத்தை இயேசு யார் யாருக்குக் கொடுத்தார் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். நாளைக்கு என்ன உடுப்பது என்று கவலைப்படுகிறவர்களுக்கு. படகில் சீடர்களுக்கு. தண்ணீர்மேல் நடந்து மூழ்கின பேதுருவுக்கு. அப்பம் எடுத்துவர மறந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சீடர்களுக்கு. வலிப்பு வந்த சிறுவனைக் குணமாக்க முடியாமல் நின்ற சீடர்கள் ஏன் எங்களால் முடியவில்லை என்று கேட்டபோது, உங்கள் நம்பிக்கைக் குறைவுதான் காரணம் என்று அவர்களுக்கே சொன்னார். சிறுவனுக்குச் சொல்லவில்லை, அவன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. செபித்தவர்களுக்கு! நோயாளியைப் பார்த்து ‘உனக்கு நம்பிக்கை போதாது, அதனால் குணமாக்க மாட்டேன்’ என்று அவர் சொன்னதாக நான்கு நற்செய்தியிலும் ஓரிடம் கிடையாது. உங்களிடம் பேசினவர் மத்தேயு 17ஐ ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நல்லது. ஆனால் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், சண்டைதான் வரும்.

வரும் ஞாயிறு, ஜூன் 30, படகு கரை சேர்ந்த பிறகு நடப்பது. தொழுகைக்கூடத் தலைவர் யாயிர், பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஓடி வருகிறார். நடுவழியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய பெண் குறுக்கே வருகிறார். வாசக நூலில் இதற்கு ஒரு குறுகிய வடிவமும் உண்டு, அதில் அந்தப் பெண்ணையே வெட்டிவிடுவார்கள். உங்கள் பங்கில் குறுகியதை வாசித்தால் வீட்டுக்குப் போய் முழுசையும் வாசியுங்கள். டாக்டர்களிடம் இருந்ததையெல்லாம் செலவழித்தும் மோசமாகிக்கொண்டே போனவர் அந்தப் பெண். அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் மாற்கு. கூட்டத்தில் பின்னாலிருந்து, தெரியாமல் ஆடையைத் தொடுகிறார். ஏறக்குறைய திருட்டு. பிடிபட்டதும் நடுங்குகிறார். அதைத்தான் இயேசு ‘உனது நம்பிக்கை’ என்கிறார்.

எனக்கு அதில் யாயிரைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கும். அந்தப் பெண் நடந்தது முழுவதையும் சொல்லி முடிக்கிற வரை அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நின்றவர்களுக்கு அந்த நிமிடங்கள் தெரியும். அதற்குள் ஆள் வந்துவிட்டது: மகள் இறந்துவிட்டாள், போதகரை ஏன் இன்னும் தொந்தரவு செய்கிறீர்? இயேசு சொல்வது, "அஞ்சாதீர், நம்பிக்கையை மட்டும் விடாதீர்." பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசமுள்ளவனாயிரு’ என்று இருந்தது. ‘விடாதீர்’ என்று போட்டவருக்கு ஒரு கும்பிடு. மூலத்தில் தொடர்ந்து செய்துகொண்டிரு என்கிற பொருள் இருக்கிறது. யாயிர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவரிடம் ஏதோ ஒன்று இருந்தது, அதைக் கீழே போட்டுவிடாதே, அவ்வளவுதான். புதிதாக எங்கிருந்தும் வரவழைக்கச் சொல்லவில்லை. மகளின் நம்பிக்கை என்ன? இறந்து கிடந்தாள். நம்பிக்கையை அவளுக்காக இன்னொருவர் சுமந்தார். உங்கள் தம்பிக்கு இப்போது செபிக்கத் தெம்பு இல்லை, டயாலிசிஸ் முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படுத்துக்கொள்ளட்டும்.

அதற்கடுத்த ஞாயிறு, ஜூலை 7, கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியது. மாற்கு 6:1 முதல் 6 வரை, நாசரேத்து. ‘வல்ல செயல் எதையும் அவரால் செய்ய இயலவில்லை, அவர்களது நம்பிக்கையின்மையைக் கண்டு அவர் வியப்புற்றார்’ என்ற இடம். உங்கள் செபக்கூட்டத்தில் எடுத்து வீசப்போகிற கல் இதுதான். ஆனால் அதே வசனத்தில், உடல் நலமற்றோர் சிலர்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்றும் இருக்கிறது. ஊரே அவரை நம்பாத இடத்திலும் நோயாளிகள் குணமானார்கள். நம்பாதவர்கள் யார்? நன்றாக இருந்தவர்கள். ‘இவர் தச்சர் அல்லவா!’ என்று அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்தவர்கள். கடவுள் எங்கே, எப்படி, யாருக்குச் செய்வார் என்பது எங்களுக்குத் தெரியும் என்கிற கூட்டம் நாசரேத்தோடு முடிந்துபோகவில்லை.

அன்றைக்கு நற்செய்திக்கு முன்னால் என்ன வாசிப்பார்கள் தெரியுமா? 2 கொரிந்தியர் 12. பவுல் தன் உடலில் தைத்த முள்ளைப் பற்றி எழுதியது. நீக்கிவிடும்படி மூன்று முறை வருந்தி வேண்டினார், நீங்கவில்லை. "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில் மட்டும் வந்தது. பொதுக்கால ஞாயிறுகளில், அதாவது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்ற விழாக்காலங்களுக்கு வெளியே வருகிற ஞாயிறுகளில், முதல் வாசகத்தைத்தான் நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வாசகம் தன்பாட்டுக்கு ஒரு திருமுகத்தை வரிசையாக வாசித்துக்கொண்டு போகும். அதனால் இது யாரும் திட்டமிட்டுப் பக்கத்தில் வைத்ததல்ல. ஆனாலும் நம்பிக்கையின்மை என்ற சொல் காதில் விழுவதற்குச் சில நிமிடம் முன்பு, திருச்சபையின் பெரிய நம்பிக்கையாளர்களில் ஒருவர் எழுந்து நின்று ‘நான் கேட்டேன், எனக்கு நீங்கவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? அவர் தன்கூட இருந்த துரோப்பிமுவை நோயோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக 2 திமொத்தேயு 4இல் ஒரு வரி வருகிறது. காரணம், விளக்கம், பழி எதுவும் இல்லாத வரி. கிறிஸ்தவர்களுக்கும் நோய் வரும், சில சமயம் நீங்காது என்பது அவர்களுக்குச் செய்தியே இல்லை போல.

வேளாங்கண்ணியில் நேர்ச்சைப் பொருட்களின் காட்சியகம் பார்த்திருப்பீர்கள். வெள்ளியில் கண், கை, கால், தொட்டில், நன்றிக் கடிதங்கள். நல்லதுதான், எங்கள் வீட்டிலிருந்தும் ஒன்று அங்கே போயிருக்கிறது. ஆனால் கேட்டுக் கிடைக்காமல் வந்த வழியே திரும்பிப்போய், அடுத்த வருடமும் கொடியேற்றத்துக்கு வருகிறவர்களுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டி கிடையாது. அவர்களைக் கடற்கரை மணலில்தான் பார்க்கலாம்.

எப்படிச் செபிப்பது என்று கேட்டீர்கள். திருப்பாடல் 88ஐ வாசியுங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியிலாவது கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், இது இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, அதையும் செபம் என்று ஏற்று நூலில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கோவிலுக்கு வெளியே நின்ற அன்று அதை வாசித்திருக்கலாம். அப்புறம் அந்த வலிப்பு வந்த சிறுவனின் அப்பா சொன்னது: "நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்." மாற்கு 9:24. இது நம் ஞாயிறு வாசகங்களில் எந்த ஆண்டிலும் வருவதில்லை, வாரநாளில்தான் வருகிறது. அதனால் பூசைக்கு ஞாயிறு மட்டும் போகிறவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் அதை ஞாயிறில் சேர்க்காதது பெரிய விடுபடல். பாதி நம்பிக்கையும் பாதி இல்லாமையுமாக ஒரே மூச்சில் வந்தவரின் மகன் குணமானான்.

பங்குத்தந்தையிடம் போய் நோயில்பூசுதல் கேளுங்கள், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற அருளடையாளம் அது. உங்கள் அம்மா பயப்படுவார், ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று பழைய பெயரில் நினைத்துக்கொண்டு. சாகப்போகிறவருக்கு மட்டும் என்ற எண்ணத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கமே மாற்றிவிட்டது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னால் பெறலாம், நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம். பொருத்தம் சரியாகி மாற்று அறுவைக்கு நாள் குறித்தால், அதற்கு முந்தின நாள் உங்கள் தம்பிக்கு வாங்கிக் கொடுங்கள். நீங்களும் மேசைமேல் படுக்கப்போகிறவர், உங்களைப் பற்றியும் பங்குத்தந்தையிடம் சொல்லிவையுங்கள்.

செபக்கூட்டத்தை விட்டுவிடவா என்றும் கேட்டிருந்தீர்கள். கொஞ்ச நாள் போகாமல் இருந்தால் ஒன்றும் குறையாது. உங்களோடு பேசாமல் உட்காரத் தெரிந்தவர்கள் அங்கே ஒருவரோ இருவரோ இருப்பார்கள், அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

ஜூலை 7க்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டாம் வாசகம் வாசிக்க ஆள் கிடைக்காமல் எல்லாப் பங்கிலும் கடைசி நிமிடத்தில் தேடுவார்கள், உங்கள் பெயரை இப்போதே கொடுத்துவையுங்கள். 2 கொரிந்தியர் 12:7 முதல் 10 வரை, நான்கே வசனம். வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பழகிவிட்டுப் போங்கள், வாக்கியங்கள் கொஞ்சம் நீளம். ‘மூன்று முறை’ என்ற இடத்தில் அவசரப்படாதீர்கள்.